மின்சாரத்துக்கு வழி: திட்டமிட்ட சிக்கனமே!



"மின்சாரத்துக்கு வழி திறந்த சந்தைப் போட்டியா, திட்டமிட்ட சிக்கனமா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசின தங்கச்சி என்ன சொன்னாங்க? "மார்க்கெட்டிலே பத்துக் கடை இருந்தா கத்தரிக்காய் விலை இறங்குது இல்லையா, அதே மாதிரி பத்துக் கம்பெனி வந்தா கரண்ட் விலையும் இறங்கும்"னு சொன்னாங்க. நல்லாத்தான் இருந்தது. நானும் கை தட்டினேன்.

ஆனா தங்கச்சி, கத்தரிக்காய் விலை ஏறிப்போனா வாழைக்காய் வாங்கிப் பொரியல் பண்ணிடலாம். கரண்ட் விலை ஏறிப்போனா எதை வாங்கி ஃபேனைச் சுத்த வைக்கிறது? (சிரிப்பு) கத்தரிக்காய் ராத்திரி மிஞ்சினா காலையிலே தண்ணி தெளிச்சு விற்கலாம். மின்சாரத்தை உற்பத்தியான நொடியிலேயே செலவழிச்சாகணும். இப்போ பெரிய பெரிய பேட்டரி எல்லாம் வந்திருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ஒரு மாநிலத்தையே வாரக்கணக்கிலே ஓட்டுற பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனாலே இந்தச் சரக்குக்கு ஒரு குணம் உண்டு. தேவைக்கு நூறிலே ரெண்டு பங்கு கூடுதலா இருந்தா விலை தரையிலே கிடக்கும்; ரெண்டு பங்கு குறைஞ்சா விலை வானத்துக்குப் போயிடும்.

வாயாலே வாதம் பண்ணிக்கிட்டே இருந்தா விடிஞ்சிடும். நடந்த கதை ஒண்ணு சொல்றேன். சந்தை, திட்டம் ரெண்டையும் மாறி மாறி அனுபவிச்சுப் பார்த்த ஒரு பிரதேசத்தின் கதை. அமெரிக்காவின் வடமேற்கு மூலை. வாஷிங்டன், ஆரிகன், ஐடஹோ, மொன்டானா என்று நாலு மாநிலம். என் மகளும் மருமகனும் அந்தப் பக்கம் இருக்காங்க. நான் ஒரு மூணு மாசம் போய்ப் பேரனைப் பார்த்துக்கிட்டேன்; அதாவது சம்பளம் இல்லாத வேலைக்குப் போயிருந்தேன். (சிரிப்பு)

அங்கே கொலம்பியா என்று ஒரு மகாநதி ஓடுது. 1930-களிலே நாடே பஞ்சத்திலே தவிச்சப்போ, அந்த ஆத்திலே அணை கட்டினாங்க. 1938-ல் பானவில் அணை. கிராண்ட் கூலி அணையை 1933-ல் தொடங்கி 1942-ல் முடிச்சாங்க. இன்றைக்கும் அமெரிக்காவிலேயே பெரிய நீர்மின் நிலையம் அதுதான். அந்த மின்சாரத்தை விற்கிறதுக்காகவே அரசாங்கம் 'பானவில் மின் நிர்வாகம்' என்று ஒரு அமைப்பை 1937-ல் உண்டாக்கிச்சு. மக்களுக்கு அணையைப் பற்றிச் சொல்ல, உட்டி கத்ரி என்ற நாட்டுப்புறப் பாடகரை 1941-ல் ஒரு மாசச் சம்பளத்துக்கு அமர்த்தினாங்க. முப்பதே நாளிலே மனுஷன் இருபத்தாறு பாட்டு எழுதிக் கொடுத்தார். சம்பளம் 266 டாலர் 66 சென்ட். பாட்டுக்குப் பத்து டாலர் வச்சுக்குங்க! நம்ம சினிமாக் கவிஞர்கள் யாரும் இதைக் கேட்டுடக் கூடாது. (சிரிப்பு)

ஆத்துத் தண்ணியிலே வந்த மின்சாரம் மலிவோ மலிவு. மலிவா கிடைச்சா நாம என்ன பண்ணுவோம்? ஜன்னலைத் திறந்து வச்சிக்கிட்டு ஹீட்டர் போடுவோம். அவங்களும் அதைத்தான் பண்ணினாங்க. குளிர் நாடு. சுவருக்குள்ளே பஞ்சு அடைக்காத வீடு, ஒத்தைக் கண்ணாடி ஜன்னல், உள்ளே மின்சார ஹீட்டர். வீட்டைச் சூடாக்குறதா நினைச்சுக்கிட்டுத் தெருவைச் சூடாக்கினாங்க. தேவை வருஷத்துக்கு ஏழு சதம் ஏறுது, பத்து வருஷத்திலே ரெட்டிப்பாகும் என்று கணக்குப் போட்டவங்க, "இனி ஆறு தாங்காது, அணு உலை வேணும்"னு முடிவு பண்ணினாங்க. ஒண்ணு இல்லே, ரெண்டு இல்லே, அஞ்சு!

வாஷிங்டன் பொது மின் வழங்கு அமைப்பு என்று ஒரு நிறுவனம் 1970-களிலே அந்த வேலையை எடுத்தது. அதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படிச்சா "வூப்ஸ்"னு வரும். பாத்திரம் கை தவறி விழுந்தா அவங்க போடுற சத்தம் அது. நம்ம ஊர்லே "அய்யய்யோ"! (சிரிப்பு) பேர் வச்ச நேரம், அதுவே நடந்தது. அஞ்சு உலைக்கும் முதலில் போட்ட மதிப்பு 400 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேலே. 1981-ல் அது 2,400 கோடி டாலருக்குப் பக்கத்திலே வந்து நின்றது. வட்டி ஏறுது, கட்டணம் ஏறுது. கட்டணம் ஏறினதாலே ஜனங்க கரண்டைக் குறைச்சுப் பயன்படுத்துறாங்க. ரெட்டிப்பாகும்னு சொன்ன தேவை வந்து சேரவே இல்லை. 1982 ஜனவரியிலே நாலாவது, அஞ்சாவது உலைகளைக் கைவிட்டாங்க. அந்த ரெண்டுக்கும் கையெழுத்துப் போட்டிருந்தவை 88 சின்னச் சின்ன ஊர் மின் அமைப்புகள். 1983-ல் 225 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குப் பணம் திருப்பித் தர முடியாம அந்த நிறுவனம் கையை விரிச்சது. அமெரிக்க உள்ளாட்சிக் கடன் பத்திர வரலாற்றிலேயே அதுவரை அப்படி ஒரு பெரிய மோசம் நடந்ததில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார்களும் வயசானவங்களும் நம்பிப் போட்ட பணம் அது. அஞ்சிலே ரெண்டாவது உலை ஒண்ணுதான் 1984-ல் ஓட ஆரம்பிச்சது. சாட்சாப் என்ற ஊர்லே கட்டி முடிக்காத உலைகளுக்கான குளிர்விப்புக் கோபுரங்கள் இன்னும் வானத்தைப் பார்த்து நிக்குது. ஒரு சொட்டுத் தண்ணியைக் கூட ஆற வைக்காத கோபுரங்கள்.

இப்போ எதிரணித் தலைவர் அண்ணன் சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார்னு எனக்குத் தெரியும். "பார்த்தீர்களா, இதுதான் உங்கள் திட்டமிடலின் லட்சணம்"னு எழுந்து சொல்லப் போறார். சொல்லட்டும். அண்ணே, அங்கே நடந்தது ஒத்தை நம்பரை நம்பின குருட்டு ஜோசியம். அதைத் திட்டம்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

கல்யாண வீட்டிலே சமையல்காரரைப் பாருங்க. "ஆயிரம் பேர் வருவாங்க"ன்னு மாமா சொன்னார்ங்கறதுக்காக விவரமான ஆள் ஆயிரம் பேருக்கும் ஒரே தடவையிலே சோறு வடிச்சுக் கொட்டிட மாட்டார். முதல் பந்திக்கு வடிப்பார். இன்னொரு உலைக்குத் தண்ணியைக் கொதிக்க வச்சிருப்பார். அரிசியைக் களைஞ்சு வச்சிருப்பார். வாசல்லே எத்தனை செருப்பு கிடக்குதுன்னு எட்டிப் பார்த்துட்டு அடுத்த உலையிலே அரிசி போடுவார். அதுக்குப் பேர்தான் திட்டம்! (கைதட்டல்)

அந்த நாலு மாநிலத்துக்கும் இந்தச் சமையல்காரர் புத்தி 1980-ல் வந்தது. அந்த வருஷம் டிசம்பர் 5-ந் தேதி ஜனாதிபதி கார்ட்டர் ஒரு சட்டத்திலே கையெழுத்துப் போட்டார். வடமேற்கு மின்திட்ட, மின்சேமிப்புச் சட்டம். நாலு மாநில ஆளுநர்களும் ஆளுக்கு ரெண்டு பேரை நியமிக்கணும். மொத்தம் எட்டுப் பேர் கொண்ட கவுன்சில். இருபது வருஷத்துக்கான மின்திட்டம் போடணும். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரமாவது அதைத் திருத்தணும். எல்லாம் பொதுமக்கள் முன்னாலே, அவங்க கருத்தைக் கேட்டு நடக்கணும்.

அந்தச் சட்டத்திலே ஒரு வரிசை இருக்குங்க அய்யா. புதுசா மின்சாரம் வேணும்னா முதல் பந்தி யாருக்கு? சேமிப்புக்கு! ரெண்டாவது, காத்து, சூரியன் மாதிரி புதுப்பிக்கக்கூடிய வழிகளுக்கு. மூணாவது, வீணாகிற சூட்டைப் பயன்படுத்துற, திறமையா எரிபொருளை எரிக்கிற நிலையங்களுக்கு. கடைசிப் பந்தியிலேதான் நிலக்கரி, அணு எல்லாம். அதுமட்டுமில்லே, சேமிப்புக்குப் பத்து சதம் சலுகை. மின் நிலையம் கட்டுறதைவிடச் சேமிப்புச் செலவு பத்து சதம் கூடுதலா இருந்தாலும் சேமிப்பையே எடுக்கணும். சேமிச்ச யூனிட்டும் உற்பத்தி பண்ணின யூனிட்டும் ஒண்ணுதான்னு ஒரு நாட்டின் சட்டமே சொன்னது அய்யா!

1983-ல் முதல் திட்டம் வந்தது. அதிலே ஒத்தை நம்பர் கிடையாது. தேவை வேகமா வளர்ந்தா இப்படி, மெதுவா வளர்ந்தா இப்படின்னு நாலு விதமாக் கணக்குப் போட்டாங்க. வாசல்லே செருப்பை எண்ணுகிற வேலை!

சேமிப்புன்னா உடனே "லைட்டை அணை, ஃபேனை நிறுத்து"ன்னு வீட்டுக்காரர் கத்துறதுன்னு நினைக்காதீங்க. (சிரிப்பு) ஹூட் ரிவர் என்று ஆரிகன்லே ஒரு ஊர். 1980-களின் நடுவிலே சுமார் 2 கோடி டாலர் செலவிலே அங்கே ஒரு சோதனை பண்ணினாங்க. மின்சாரத்தாலே சூடாகிற வீடுகளுக்கெல்லாம் கதவிடுக்கு அடைச்சு, கூரையிலே பஞ்சு வச்சு, ஜன்னலுக்கு இன்னொரு கண்ணாடி போட்டுக் கொடுத்தாங்க. கிட்டத்தட்ட முழுச் செலவும் மின் நிர்வாகத்துடையது. தகுதியுள்ள வீடுகளிலே 85 சதம் பேர் சேர்ந்துட்டாங்க. ஓசியிலே கொடுத்தா 85 சதம்தானா, நம்ம ஊரா இருந்தா 110 சதம் வந்திருக்கும்! (சிரிப்பு)

ஒரு விஷயத்தை நானே சொல்லிடறேன், எதிரணிக்கு வேலை மிச்சம். காகிதத்திலே கணக்குப் போட்ட அளவிலே பாதி கூட அங்கே மிச்சமாகலை. காரணம் என்ன? கட்டணம் ஏறிப்போனதாலே ஏற்கனவே ஜனங்க விறகு அடுப்புக்குப் போய், குளிரிலே நடுங்கிக் கரண்டைக் குறைச்சிருந்தாங்க. பஞ்சு வச்சதும் கொஞ்சம் கதகதப்பா உட்கார்ந்தாங்க. அது ஒரு தாயின் வயிறு குளிர்ந்த கணக்கு, மீட்டரிலே தெரியாது. ஆனா இதிலே முக்கியம் என்னன்னா, அளந்து பார்த்தாங்க, குறைஞ்சதைப் புத்தகமாப் போட்டாங்க, அடுத்த கணக்கைத் திருத்தினாங்க.

இன்னொரு யோசனை பண்ணினாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அங்கே தொழிற்சாலையிலேயே வீட்டைச் செஞ்சு லாரியிலே ஏத்திக் கொண்டுபோய் வைக்கிற வழக்கம் உண்டு. ஏழை, நடுத்தரக் குடும்பம் வாங்குற வீடு. வாங்குறவங்க பஞ்சு தடிமனைப் பார்ப்பாங்களா, விலையைப் பார்ப்பாங்களா? அதனாலே 1992-ல் மின் அமைப்புகள் நேரே தொழிற்சாலைக்கே போச்சு. "குளிர் தாங்குற மாதிரி நல்லாக் கட்டு, வீட்டுக்கு 2,500 டாலர் உனக்குத் தர்றோம்"னாங்க. அந்தப் பிரதேசத்துக் கம்பெனிகள் எல்லாமே ஒத்துக்கிட்டது. ஆயிரம் வீட்டுக் கதவைத் தட்டுறதுக்குப் பதிலா ஒரு பட்டறைக் கதவைத் தட்டினாங்க. (கைதட்டல்)

இப்படி நல்லாப் போய்க்கிட்டிருந்த வண்டியிலே சந்தை வந்து ஏறுச்சு. 1992-ல் எரிசக்திக் கொள்கைச் சட்டம். 1996-ல் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், "மின்பாதை வச்சிருக்கிறவங்க யார் மின்சாரத்தையும் அதிலே போக விடணும்"னு உத்தரவு போட்டது. அதிலே தப்பில்லை, ரோடு எல்லாருக்கும் பொது. அப்போ இயற்கை எரிவாயு அடிமட்ட விலை. சந்தை மின்சாரம் பானவில் மின்சாரத்தைவிட மலிவாப் போச்சு. "நாங்க வெளியே வாங்கிக்கறோம்"னு வாடிக்கையாளர்கள் கிளம்பிட்டாங்க. மின் அமைப்புகளுக்கு ஒரே பயம். ரேட்டைக் குறைக்கணும், எதை வெட்டலாம்? மின்சேமிப்புக்கு வச்ச பணத்தை வெட்டு!

இங்கேதான் தாய்மார்கள் கவனிக்கணும். ரேட் வேற, பில் வேற. உதாரணத்துக்குச் சொல்றேன். யூனிட் அஞ்சு ரூபாய், நூறு யூனிட், பில் 500 ரூபாய். சேமிப்புக்குச் செலவு பண்ணி யூனிட் அஞ்சரை ரூபாயாச்சு, ஆனா நீங்க எண்பது யூனிட்தான் செலவழிக்கிறீங்க. பில் 440. ரேட் ஏறிச்சு, பில் இறங்கிச்சு! சந்தையிலே போட்டி ரேட்டிலேதான் நடக்கும். போர்டிலே எழுதி மாட்டுறது ரேட்டைத்தான். நாம வீட்டிலே கட்டுறது பில்லை. மின்சாரம் விற்கிறவனுக்கு நாம மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு யூனிட்டும் நஷ்டம். ஜவுளிக்கடைக்காரர் வந்து, "அம்மா, பழைய புடவையே நல்லாத்தானே இருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் கட்டுங்க"ன்னு சொல்வாரா? (பலத்த சிரிப்பு)

புதுசா மின்நிலையம் கட்டவும் ஆள் இல்லை. நாளைக்கு விலை என்னவோன்னு எல்லாரும் ஒதுங்கி நிக்கிறாங்க. ஊரோ வளருது. அந்தக் கவுன்சில் 2000 மார்ச்சிலே கணக்குப் போட்டு எச்சரிச்சது: "இப்படியே போனா 2003-க்குள்ளே ஒரு குளிர்காலத்திலே மின்சாரம் பத்தாமப் போக நாலுக்கு ஒண்ணு வாய்ப்பு இருக்கு." 2003 வரைக்கும் எங்கே பொறுத்தது? அந்த வருஷக் கோடையிலேயே தெற்கே கலிபோர்னியாவின் புதுச் சந்தை வெடிச்சது. 2001-ல் கொலம்பியா ஆத்திலே கடும் வறட்சி. முப்பது டாலருக்கு வாங்கின மின்சாரம் நூற்றுக்கணக்கான டாலராச்சு. பானவில் நிர்வாகம் 2001 அக்டோபரிலே மொத்த விலையை 46 சதம் ஏத்திச்சு. டகோமா நகரம் டீசல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துக் கட்டணத்திலே கூடுதல் பாரம் போட்டது. வரிசையா அலுமினிய உருக்காலைகளை மூடினாங்க. சில ஆலைகளுக்கு, அலுமினியம் உருக்குறதைவிட, குறைஞ்ச விலை ஒப்பந்தத்திலே வந்த கரண்டை விற்கிறது லாபமா இருந்தது!

ஆத்திலே சால்மன்னு ஒரு மீன். ஆத்திலே பொறந்து, கடலுக்குப் போய், முட்டையிட மறுபடியும் பொறந்த வீட்டைத் தேடி வரும். பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வர்ற மாதிரி. குஞ்சுகள் பத்திரமாக் கடலுக்குப் போக அணை மேலே தண்ணி திறந்து விடணும். அந்த மீனையும் மின்சாரத்துக்குச் சமமா மதிக்கணும்னு 1980 சட்டத்திலேயே இருக்கு. 2001-ல் "அவசர நிலை"ன்னு சொல்லி அந்தத் தண்ணியை வெகுவாக் குறைச்சு டர்பைனுக்கு விட்டாங்க. ஏற்கனவே 1957-ல் டேல்ஸ் அணைக்காக, ஆயிரக்கணக்கான வருஷமாப் பழங்குடி மக்கள் மீன் பிடிச்ச சிலைலோ அருவியையே முழுகடிச்ச ஆறு அது. கதவிடுக்கை அடைக்க மிச்சம் பிடிச்ச பணத்துக்கு, மறுபடியும் மீன்குஞ்சுதான் வட்டி கட்டிச்சு.

சந்தையிலே நியாயமா வியாபாரம் பண்ணினாங்களா? என்ரான் என்று ஒரு கம்பெனி. நம்ம மகாராஷ்டிராவிலே தாபோல் மின்நிலையம் கட்டின அதே கம்பெனிதான். யூனிட் விலை கட்டுபடியாகாம 2001-ல் மகாராஷ்டிர மின்வாரியம் வாங்குறதை நிறுத்திச்சே, ஞாபகம் இருக்கா? அவங்களோட மேற்குப் பகுதி மின் வியாபாரிகள் உட்கார்ந்திருந்த இடம் ஆரிகன்லே போர்ட்லாண்ட். அந்த ஆத்தங்கரையிலேயே! கலிபோர்னியாவுக்குள்ளே விலைக்கு உச்சவரம்பு இருந்தது. அங்கே வாங்கி, வெளியே கொண்டுபோறதாக் காட்டி, வெளிமாநிலச் சரக்குன்னு திரும்ப உள்ளே கொண்டுவந்து கூடுதல் விலைக்கு வித்தாங்க. நம்ம ரேஷன் கடைச் சர்க்கரையை நமக்கே ஃபாரின் சர்க்கரைன்னு விற்கிற மாதிரி! அந்தப் பிரிவின் தலைவர் 2002-ல் நீதிமன்றத்திலே குற்றத்தை ஒப்புக்கிட்டார்.

சியாட்டிலுக்கு வடக்கே ஸ்னோஹோமிஷ் மாவட்டப் பொது மின் அமைப்பு அவங்களோட போட்ட ஒப்பந்தத்தை ரத்து பண்ணிச்சு. திவாலான என்ரான், "10 கோடி டாலருக்கு மேலே நஷ்டஈடு கொடு"ன்னு கேட்டது. அந்தச் சின்ன அமைப்பு அசரலை. அந்த வியாபாரிகள் போனிலே பேசின ஒலிநாடாக்களைத் தேடிப் பிடிச்சு 2004-ல் ஊருக்கு வெளியிட்டது. ஏழைப் பாட்டிமார்கிட்டே பிடுங்கின பணத்தைப் பற்றிச் சிரிச்சுப் பேசுறாங்கய்யா! அவங்க சிரிப்பிலே போட்டி எங்கே இருக்கு, எதிரணி நண்பர்களே? (பலத்த கைதட்டல்)

நெருக்கடி வந்ததும் எல்லாரும் எங்கே ஓடினாங்க? சேமிப்புக்கிட்டேதான். கலிபோர்னியாவிலே, "போன வருஷத்தைவிட இருபது சதம் குறைச்சா பில்லிலே இருபது சதம் தள்ளுபடி"ன்னாங்க. ஆரிகன்லே 1999-லேயே சட்டம் போட்டு, பெரிய தனியார் மின் கம்பெனிகளின் பில்லிலே மூணு சதத்தைப் பொதுநலத்துக்குன்னு ஒதுக்கினாங்க. அந்தப் பணத்தை வச்சுச் சேமிப்பு வேலை பார்க்க 2002-ல் தனி அறக்கட்டளையே செயல்பட ஆரம்பிச்சது. போட்டி இருக்கட்டும், ஆனா சேமிப்பை அதுங்கிட்டே ஒப்படைக்காதேன்னு அவங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அந்தச் சட்டம் வந்து நாற்பது வருஷத்திலே சேமிப்பாலே மட்டும் கிடைச்சது 7,000 சராசரி மெகாவாட்டுக்கு மேலே. வருஷம் முழுக்க, ராவும் பகலும். சியாட்டில் மாதிரி அஞ்சாறு நகரத்துக்குப் போதும். ஆத்துக்கு அடுத்தபடியா அந்தப் பிரதேசத்தின் ரெண்டாவது பெரிய மின்நிலையம் எதுன்னா, கண்ணுக்கே தெரியாத இந்த நிலையம்தான்! அதுக்குப் புகைக்கூண்டு இல்லே, திறப்பு விழா இல்லே, கல்வெட்டு இல்லே. அதனாலேதான் அரசியல்வாதிகளுக்கு அதைப் பிடிக்கிறதில்லே. (சிரிப்பு, கைதட்டல்)

வாஷிங்டன் மாநிலத்திலே கடைசியா ஓடின அலுமினிய உருக்காலையும் 2020-ல் நின்னுபோச்சு. டேல்ஸ் ஊர்லே உருக்காலை போன பிறகு 2006-லேயே கூகுள் கம்பெனியின் கணினிக் கிடங்கு வந்தது. இப்போ அந்த மாதிரிக் கிடங்குகள் வரிசை கட்டி வருது. மறுபடியும், "தேவை எக்கச்சக்கமா ஏறப்போகுது, உடனே கட்டு"ங்கற குரல் கேட்குது.

மணி அடிக்கிறார் நடுவர் அய்யா. இதோ முடிச்சுட்டேன். எதிரணித் தலைவர் அண்ணன் எழுந்து வரும்போது ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும். யூனிட் யூனிட்டா வித்து லாபம் பார்க்கிற எந்தக் கம்பெனி, ஹூட் ரிவர்லே குளிர்ல நடுங்கின அந்தப் பாட்டியின் வீட்டுக் கதவிடுக்கை அடைக்க டெண்டர் போடும்? கம்பெனி பேரைச் சொன்னாப் போதும்.